எல்லை வருவதற்கு முன்பே போட்ட தண்டவாளம்

கேட்டவர் கிணத்துக்கடவுப் பக்கத்துப் பையன், பாலக்காட்டில் படிக்கிறார். அவர் கேள்வி இது: "பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் வண்டி ஏறுவது கோவைக்கும் பழனிக்கும். ஸ்டேஷன் மட்டும் ஏன் பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் இருக்கிறது? பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு எதற்காகப் பாதை போட்டார்கள்? அதை ஏன் அத்தனை வருடம் மூடி வைத்தார்கள்?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிக்கு ரயில் ஒரு தடவை வரவில்லை, மூன்று தடவை வந்தது. 1915ல் வடக்கே போத்தனூரிலிருந்து, 1928ல் கிழக்கே திண்டுக்கல்லிலிருந்து, 1932ல் மேற்கே பாலக்காட்டிலிருந்து. மூன்றும் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதை. அந்த மூன்று வருடங்களில் எதிலும் இன்றைக்கு நாம் சொல்லும் மாநில எல்லை கிடையாது. பாலக்காடு அன்று மலபார் ஜில்லாவில் இருந்தது. மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாகாணத்தில் அடுத்தடுத்த ஜில்லாக்கள். நடுவில் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜாவுடையது, தீவு மாதிரித் தனியாகக் கிடந்தது. எல்லை வந்தது 1956ல். தண்டவாளம் போட்டவர்களுக்கு அப்படி ஒரு கோடு வரப்போவது தெரியாது. உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் கதை இதைவிடப் பெரியது, போத்தனூரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதம் பொள்ளாச்சியில் துணி காயப்போட்டவர்களுக்கு அந்த வாசலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றும் சாரலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. மனிதர்களும் அப்படித்தான் வந்தார்கள், போனார்கள். போத்தனூருக்குப் பக்கத்து ஊரான வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ராஜகேசரிப் பெருவழி என்று வெட்டிய சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. வெள்ளைக்காரன் வந்து சங்கிலி பிடித்து அளந்து கண்டுபிடித்த வழி இல்லை இது. மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த வழியில் அவன் இரும்பு போட்டான், அவ்வளவுதான்.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856ல் ராயபுரத்திலிருந்து முதல் வண்டியை விட்டது. அதன் கண் மேற்குக் கடற்கரை மேல் இருந்தது. கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூர் என்ற துறைமுகம். அங்கிருந்து திரூர் வரை 1861ல் வண்டி ஓடியது, கேரளத்தின் முதல் ரயில் அதுதான். அங்கிருந்து கிழக்கே நீண்டுகொண்டே வந்த பாதையும், சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக மேற்கே வந்த பாதையும் 1862ல் போத்தனூரில் கை கோத்தன. வங்காள விரிகுடாவும் அரபிக் கடலும் ரயிலால் சேர்ந்தன. பம்பாய்க்காரர்கள் போர்காட் மலையில் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து மேலே ஏற 1863 ஆயிற்று. நமக்குக் கணவாய் இருந்ததால் மலையைக் குடையும் வேலையே வரவில்லை.

இதில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்றும் கொஞ்சம் கசப்பான ஒரு சங்கதி உண்டு. அந்த முதல் பாதை கோயம்புத்தூருக்குள் வரவே இல்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய் மதுக்கரை, வாளையாறு என்று மேற்கே இறங்கிவிட்டது. கோயம்புத்தூருக்கு ரயில் கிடைத்தது 1873ல். அதுவும் கோயம்புத்தூருக்காக இல்லை, நீலகிரிக்குப் போகும் துரைமார்களை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடுவதற்காகப் போட்ட கிளைப் பாதையில் வழியில் வந்த ஒரு ஸ்டேஷனாக. ஆக, ஜங்ஷன் போத்தனூர், கோயம்புத்தூர் கிளை. இருகூரிலிருந்து பீளமேடு வழியாக நேரே கோவைக்கு வரும் பாதை எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு போட்டது. அதற்கப்புறமும் கேரளம் போகிற எத்தனையோ வண்டிகள் பழைய வழக்கத்தை விடாமல், ஊருக்குள் வராமல் போத்தனூர் வழியே போய்க்கொண்டிருந்தன. அதற்காக இங்கே நடந்த போராட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

போத்தனூர் அன்றைக்கு முழு ரயில்வே ஊர். ஓட்டுக் கூரை குவார்ட்டர்ஸ், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், இன்ஸ்டிட்யூட்டில் நடனம், லோகோ ஷெட், பிற்பாடு சிக்னல் பட்டறை. என் அப்பாரு போத்தனூரைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். "அங்க துரை வீட்டு நாய்க்கும் ரயில் பாஸ் இருந்துச்சு சாமி" என்பார். அது எவ்வளவு நிஜமோ, எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சிரிக்க முடியாத ஒன்றும் அதே ஸ்டேஷனில் நடந்தது. 1921 நவம்பர், மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்த சமயம். பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் ஒரு சரக்கு வேகனில் ஏற்றிக் கதவைச் சாத்தி, வண்டியோடு கோத்து அனுப்பினார்கள். உள்ளே காற்றுப் போக வழி இல்லை. ராத்திரி போத்தனூரில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது உள்ளே பிணக் குவியல். ஆஸ்பத்திரியில் செத்தவர்களையும் சேர்த்தால் 70 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பிணங்களைத் திரும்பவும் திரூருக்கே ரயிலில் அனுப்பினார்கள். கேரளத்தில் இதை வேகன் டிராஜடி என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள், திரூரில் நினைவு மண்டபமே இருக்கிறது. கதவு திறந்த போத்தனூரில் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது. பாதை ஒன்றுதான். ஒரு முனையில் அது நினைவில் இருக்கிறது, மறு முனையில் இல்லை.

சரி, பொள்ளாச்சிக்கு வருவோம்.

1908ல் கம்பெனிகளுக்குள் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையான பாதை மெட்ராஸ் ரயில்வேயின் கையிலிருந்து சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியின் கைக்குப் போனது. இந்தக் கம்பெனிக்குத் திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று தெற்கே பெரிய மீட்டர் கேஜ் வலை ஏற்கெனவே இருந்தது. ஆக, கொங்கு நாட்டு அகலப் பாதையும் பாண்டிய நாட்டு மீட்டர் பாதையும் ஒரே முதலாளிக்கு வந்து சேர்ந்தன. இரண்டையும் எங்கே கோப்பது? வரைபடத்தைப் பார்த்தால் விரல் தானாகவே பொள்ளாச்சிக்குப் போகும்.

ஆனால் முதல் துண்டு, அதாவது போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரையான 40 கிலோமீட்டர், கம்பெனியின் காசில் வந்ததில்லை. அது கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் பாதை. சொத்து போர்டுடையது, வண்டி ஓட்டுவது மட்டும் கம்பெனி. இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு ரயிலுக்கென்று கொஞ்சம் கூடுதலாக வசூலித்து, 1890களிலேயே மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சொந்தமாகப் பாதை போட்டவர்கள் அவர்கள். ரோடு போடுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் போல ரயில் போடுவதும் அன்று உள்ளூர் நிர்வாகத்தின் வேலையாக இருந்தது என்பதை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கு இந்தப் பாதையின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். டெல்லியில் யாரோ மனது வைத்ததால் வந்த ரயில் இல்லை, இந்த ஜில்லாவே போட்டுக்கொண்ட ரயில். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915 அக்டோபரில் வண்டி ஓடத் தொடங்கியது.

ஏன் மீட்டர் கேஜ் என்று கேட்கலாம். போத்தனூரில் இருந்ததோ அகலப் பாதை. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் பெயரே சொல்வதுபோல் 1000 மில்லிமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து போகும் வெல்லமும் நிலக்கடலையும் போத்தனூரில் ஒரு வேகனிலிருந்து இறங்கி இன்னொரு வேகனில் ஏற வேண்டும். இது ஒரு கூலி, ஒரு நாள் தாமதம், சிந்துகிற பத்துப் படி தனி. தெரிந்துதான் செய்தார்கள். மீட்டர் கேஜுக்குச் செலவு குறைவு, அது ஒன்று. என்றைக்காவது திண்டுக்கல்லில் தெற்கு வலையோடு சேர வேண்டும் என்பது இன்னொன்று. இது என் ஊகம் மட்டும் இல்லை, 13 வருடம் கழித்து அப்படியே நடந்தது. 1928ல் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம், பழனி, சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று திண்டுக்கல் வரை 121 கிலோமீட்டர் திறந்தார்கள். அதுவரை கம்பெனிக்காரர்களின் வரைபடத்தில் ஒரு குச்சியின் முனையாக இருந்த பொள்ளாச்சி, மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் வழி ஆனது.

இதனால் யாருக்கு லாபம்? முதல் லாபம் பழனி முருகனுக்கு. கொங்கு நாட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆனால் திரும்பி வருகிறபோது ரயில் கிடைத்தது. பெண்டு பிள்ளைகள், வயதானவர்கள் முன்னால் ரயிலில் போய்விட, ஆண்கள் நடந்து வந்து சேர்ந்துகொள்வது எங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறை வழக்கம். இந்தப் பாதையின் பயணிகள் கூட்டத்தைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடலாம். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும்.

பழனிக்கு மேற்கேயிருந்தும் கூட்டம் உண்டு. கேரளத்துக்காரர்களுக்குப் பழனியாண்டவர் மேல் உள்ள பக்தி நமக்குச் சற்றும் குறைந்ததில்லை. அதோடு பாலக்காட்டுக்கு மீட்டர் கேஜ் இணைப்பு இல்லாத குறையும் சேர்ந்துகொண்டது. 1932ல் பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை ரோடு, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம், பாலக்காடு டவுன் வழியாக ஒலவக்கோடு வரை சுமார் 58 கிலோமீட்டர் போட்டு முடித்தார்கள். ஒலவக்கோடு என்பதுதான் இன்றைய பாலக்காடு ஜங்ஷன். பழைய ஆட்கள் இன்னமும் ஒலவக்கோடு என்றே சொல்வார்கள். எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். அரிசியும் பருத்தியும் மாடும் கிழக்கேயிருந்து மேற்கே போக வேண்டும், மரமும் மிளகும் மேற்கேயிருந்து கிழக்கே வர வேண்டும், நடுவில் பழனி போகிறவர்கள் ஏறி இறங்க வேண்டும். பக்கத்து ஜில்லாவுக்குப் போட்ட சாதாரணப் பாதை. "எல்லைப் பாதை" என்ற எண்ணமே அன்று யார் மனதிலும் இருந்திருக்காது.

ஸ்டேஷன் பெயர்களில் ஒரு சின்ன வேடிக்கை. ஆனைமலை ரோடு, மைவாடி ரோடு, அந்தப் பக்கம் சூலூர் ரோடு. பெயரில் ரோடு என்று வந்தால், அந்த ஊர் அங்கே இல்லை என்று அர்த்தம். ஊருக்குப் போகும் ரோட்டில் இறக்கிவிடுகிறோம், மீதியை நீயே பார்த்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். ஆனைமலைக்குப் போவதாக நினைத்து ஆனைமலை ரோட்டில் இறங்கி, வெயிலில் நடந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஒரு விஷயத்தைத் தேதியோடு பார்த்தால்தான் புரியும். பாலக்காட்டுக்கு ரயில் திறந்தது 1932. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1931ல், அதே பொள்ளாச்சியில் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் தொடங்கியாகிவிட்டது. நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் ஏபிடி. ஆக, ரயில் முழுதாக வந்து சேர்ந்த நாளிலேயே அதற்குப் போட்டியும் பக்கத்துத் தெருவில் தயாராக நின்றது. வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு மலை ஏறிப் போக ரயிலால் முடியாது, பஸ்ஸாலும் லாரியாலும் முடியும். மலையிலிருந்து இறங்கி வரும் லாரி பொள்ளாச்சியில் நின்று சரக்கை ரயிலுக்கு மாற்றுமா, இல்லை அப்படியே கோவைக்கோ கொச்சிக்கோ ஓட்டிக்கொண்டு போய்விடுமா? யோசித்தால் இந்தப் பாதையின் பிற்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அதற்காக யாருக்கும் வேண்டாத பாதை என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் திறந்த மதுரை - போடிநாயக்கனூர் பாதையையும் ஷொரணூர் - நிலம்பூர் பாதையையும் இரண்டாம் உலகப்போரின்போது இரும்புக்காகப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பப் போட வேண்டியிருந்தது. பொள்ளாச்சிப் பாதை தப்பித்தது.

இப்போது 1956. தேதிகளைக் கவனியுங்கள். 1951ல் தென்னக ரயில்வே உருவானது. 1956 ஆகஸ்ட் 31ல் போத்தனூர்க் கோட்டத்தைக் கலைத்து ஒலவக்கோடு கோட்டத்தை அமைத்தார்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1ல், மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. மலபாரும் சித்தூரும் கேரளத்துக்குப் போயின, கோயம்புத்தூர் சென்னை மாநிலத்தில் நின்றது. கோட்டத்தின் தலைமையிடம் போத்தனூரிலிருந்து மேற்கே நகர்ந்தது, இரண்டுக்கும் நடுவில் வாளையாற்றில் கோடு விழுந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் எல்லாம் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்குக் கீழே ஐம்பது வருடம் இருந்தது இப்படித்தான். யாரோ கேரளத்துக்குச் சாதகமாகத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று இங்கே மேடையில் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகலப் பாதையின் நடுவில் ஒலவக்கோடு இருந்தது, வசதியாக இருந்தது, வைத்தார்கள். பின்னால் வந்த கோடுதான் அதைத் தகராறு ஆக்கியது.

மீனாட்சிபுரம் பக்கம் வந்து பார்த்தால் அந்தக் கோட்டின் கோலம் தெரியும். ஸ்டேஷன் கேரளத்தில். சுற்றி உள்ள சித்தூர் தாலுகாக் கிராமங்களில் வீட்டுக்குள்ளே தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ் உண்டு. சந்தைக்குப் பொள்ளாச்சி, ரேஷன் கார்டுக்குச் சித்தூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான். நான் சின்ன வயதில் அந்தப் பாசஞ்சரில் போகும்போது பெஞ்சுக்கு அடியில் அரிசிப் பை இருக்கும். எல்லை தாண்டினால் அரிசிக்கு விலை கூட, அதனால் ஐந்து கிலோ பத்து கிலோவாகப் பிரித்து ஆள் ஆளுக்கு ஒரு பை. சோதனைக்கு யாராவது ஏறினால் "இது யாரோடது?" என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியில் ஒருவருக்கும் பதில் தெரியாது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் காலடியில் ஒரு பையைத் தள்ளிவிட்டு, "கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க கண்ணு, உங்க மாமன் வீட்டுக்குன்னு நாஞ் சொல்லிக்கறேன்" என்றார். எனக்கு அந்த ஊரில் மாமன் இல்லை. அன்றைக்கு மட்டும் இருந்தார்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதலில் கரி என்ஜின், அப்புறம் டீசல். பெட்டி குறுகல், எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். வளைவுகளில் கடைசிப் பெட்டியிலிருந்து என்ஜினைப் பார்க்கலாம். வேகம் கிடையாது. எதிர் வண்டிக்காகக் கிணத்துக்கடவில் நிற்கும்போது இறங்கி டீ குடித்துவிட்டு நிதானமாக ஏறலாம். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கு ராத்திரி வண்டி ஒன்று உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கொங்கு நாடே அதில் இருக்கும். அஸ்தி கரைக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், கல்யாணம் முடிந்து தீர்த்தமாடப் போகிறவர்கள் மறு பக்கம், இரண்டு பேருக்கும் நடுவில் கட்டுச்சோறு.

1992க்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே அகலம் என்று முடிவாகி, மீட்டர் கேஜ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுற்றிலும் பாதைகள் அகலமாக, அகலமாக, நம்முடையது ஒட்டாத தீவாகிக்கொண்டே வந்தது. மீட்டர் கேஜ் என்ஜினுக்கும் பெட்டிக்கும் உதிரிப் பாகம் கிடைப்பதே அருமையாகிவிட்டது. 2006-07ல் கோவையிலிருந்து பொள்ளாச்சி வழி திண்டுக்கல், பாலக்காடு இரண்டு பக்கமுமாகச் சுமார் 225 கிலோமீட்டரை அகலமாக்க ஒப்புதல் ஆனது. 2008 டிசம்பரில் பாலக்காட்டுப் பக்கம் கடைசி வண்டி ஓடியது. 2009ல் மற்ற பகுதிகளும் நின்றன. இரண்டு மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம்.

திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை 2012ல் வந்தது. பழனியிலிருந்து பொள்ளாச்சி வரை 2015ல். அதே வருடம் நவம்பரில் பாலக்காடு வரை. பொள்ளாச்சிக்காரர்களுக்கு முதலில் வேண்டியிருந்த, வெறும் 40 கிலோமீட்டரான போத்தனூர்ப் பாதை கடைசியாக, 2017ல். எட்டு வருடம். அந்தப் பாதையை முதலில் போட்டதற்கே இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்று எங்கள் ஊர் டீக்கடையில் சொல்வார்கள். ஏன் தாமதம்? ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்த பணம் ஒரு காரணம். வேலை மூன்று திசையிலும் துண்டு துண்டாக நடந்தது இன்னொன்று. என்னைக் கேட்டால் பெரிய காரணம் வேறு: இந்தப் பாதை யாருடைய கண்ணுக்கும் நடுவில் இல்லை. பாலக்காட்டு அலுவலகத்துக்கு இது கிழக்கு ஓரம், மதுரைக்கு மேற்கு ஓரம். திருவனந்தபுரத்து அரசியலுக்கும் சென்னை அரசியலுக்கும் இது எட்டாத கோடி. ஓரத்தில் இருப்பவன் இலைக்குச் சோறு கடைசியாகத்தான் வரும்.

கோட்டக் கேள்விக்கு மீதிப் பதிலும் இங்கேதான் வருகிறது. 2007 நவம்பர் 1ல் சேலம் கோட்டம் பிரிந்தது. அதைப் பிரிக்கக் கூடாது என்று கேரளத்தில் எதிர்ப்பு, பிரித்தே ஆக வேண்டும் என்று இங்கே போராட்டம். முடிவில் கோயம்புத்தூரும் போத்தனூரும் சேலத்துக்கு வந்தன. கிணத்துக்கடவும் பொள்ளாச்சியும் பாலக்காட்டிலேயே நின்றன. உடுமலை ஏற்கெனவே மதுரையில். ஆகப் போத்தனூரில் ஏறி உடுமலையில் இறங்குகிறவர், 70 கிலோமீட்டருக்குள், தமிழ்நாட்டைவிட்டு வெளியே கால் வைக்காமல், மூன்று கோட்டங்களில் பயணம் செய்துவிடுகிறார். பொள்ளாச்சியை மதுரையிலோ சேலத்திலோ சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அன்றிலிருந்து இருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் கோட்டம் மாறினால் வண்டி வந்துவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதுரைக் கோட்டத்தில் இருக்கும் உடுமலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.

அகலமான பிறகு கிடைத்ததும் உண்டு. சென்னையிலிருந்து பழனி வரை வந்த வண்டியைப் பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு வரை நீட்டினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வரும் அம்ரிதா எக்ஸ்பிரஸை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூருக்கு ஒரு வண்டி ஓடுகிறது. கோவை - மதுரை பகல் வண்டி இருக்கிறது. மேலே மின் கம்பியும் வந்துவிட்டது. கிடைக்காதது, பழைய ராமேஸ்வரம் ராத்திரி வண்டி. கோவையிலிருந்து வாரம் ஒரு தடவை ராமேஸ்வரம் போவதும் ஈரோடு, திருச்சி என்று சுற்றிக்கொண்டு போகிறது. பழைய சின்ன ஸ்டேஷன்கள் பலவற்றில் வண்டி நிற்பதே இல்லை. தண்டவாளம் அகலமானது, நிறுத்தம் குறுகியது. தேங்காயும் இளநீரும் லாரியில் போகப் பழகிவிட்டன. அந்த எட்டு வருடத்தில் பழகியது இனி ரயிலுக்குத் திரும்பாது என்பது என் எண்ணம்.

பிரதான பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் நடுவே காட்டுக்குள் ஏ லைன், பி லைன் என்று இரண்டு தடங்கள் தனித்தனியாகப் போகின்றன. யானைகள் அடிபடுவது அங்கேதான். 2021 நவம்பரில் நவக்கரைப் பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. 2024 முதல் மதுக்கரையில் கேமரா வைத்து, கம்ப்யூட்டரே யானையை அடையாளம் கண்டு ஓட்டுநருக்குச் சொல்லும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் யானை கடக்கச் சுரங்க வழியும் கட்டியிருக்கிறார்கள். யானைகள் அதன் வழியாகப் போகவும் தொடங்கிவிட்டன.

தம்பி பாலக்காட்டில் படிப்பதால் ஒரு யோசனை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு தடவை பாலக்காடு டவுனில் ரயில் ஏறுங்கள். வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் கொல்லங்கோட்டுப் பக்கம் வரும்போது நெல்லியாம்பதி மலைச் சுவரில் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் தெரியும், சீதார்குண்டு அருவிப் பக்கம் அது. அடுத்து முதலமடை. வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் பிளாட்பாரத்து ஆலமரங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். மீட்டர் கேஜ் காலத்து மரங்கள் அவை.